கணினியில் பாட்டு அறுந்து அறுந்து கேட்கிறது, உச்சத்தில் கரகரக்கிறது: விண்டோஸை மீண்டும் நிறுவத்தான் வேண்டுமா?

தோடிரசிகர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம்.

பல ஆண்டுகளாகச் சேர்த்த கச்சேரி சிடிக்களை, தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் ஒலிக் கோப்புகளாக மாற்றி, வீட்டில் உள்ள மேசைக் கணினியில் வைத்துக் கேட்டு வருகிறேன். விண்டோஸ் 10, 8 ஜிபி ரேம். விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருக்கிறது; பாட்டுகள் மட்டும் தனியாக ஒரு 1 டிபி ஹார்டு டிஸ்கில் இருக்கின்றன. ஒலி மதர்போர்டிலேயே உள்ள சவுண்டு சிப்பிலிருந்து, பின்பக்கத்துப் பச்சை நிறத் துளை வழியாக ஸ்பீக்கர்களுக்குப் போகிறது. இணையத்துக்கு உள்ளே பொருத்திய வைஃபை கார்டு.

கொஞ்ச நாளாகவே பாட்டு நடுவில் ஒரு கணம் அறுந்து, 'டக்' என்ற ஓசையுடன் மீண்டும் தொடர்கிறது. சில சமயம் அரை மணி நேரம் ஒரு குறையும் இருக்காது. சில சமயம் ஒரே ஆலாபனைக்குள் நாலைந்து முறை வந்துவிடுகிறது. இது போதாதென்று, நாகஸ்வரமும் தவிலும் உச்சத்தில் சேரும் இடங்களில் ஒலி கிழிந்தாற்போல் கரகரக்கிறது. குரலிசைக் கச்சேரிகளில் இந்தக் கரகரப்பு அவ்வளவாகத் தெரிவதில்லை.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டால், பாட்டு அறுபடும் நேரத்திலும் பிராசசர் பயன்பாடு 10 சதவீதத்தைத் தாண்டவில்லை. பாட்டு இயக்கும் மென்பொருளில் பஃபரை (முன்கூட்டியே எடுத்து வைக்கும் ஒலியின் அளவை) 2 நொடியாக உயர்த்தியும் பயனில்லை. அதே ஸ்பீக்கர்களைக் கைப்பேசியில் இணைத்தால் சுத்தமாகக் கேட்கிறது. பழுது பார்க்கும் கடையில், எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். அதற்கு முன் நானே செய்து பார்க்கக்கூடியவை இருந்தால் சொல்லுங்கள்.

மின்கலம்

வணக்கம் ஐயா. விண்டோஸை அழிக்க வேண்டாம். ஸ்பீக்கரும் வயரும் நன்றாக இருப்பதைக் கைப்பேசியில் இணைத்துப் பார்த்தே நீங்கள் உறுதி செய்துவிட்டதால், பாதி வேலை முடிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

நீங்கள் ஒரே குறைபோல் எழுதியிருப்பவை இரண்டு வெவ்வேறு குறைகள். ஒலி அறுபடுவது, உரிய நேரத்தில் தரவு வந்து சேராததால் ஏற்படுவது. உச்சத்தில் கரகரப்பது, தரவு நேரத்துக்கு வந்தும் அதன் அளவு எல்லை மீறியதால் ஏற்படுவது. இரண்டையும் ஒன்றாக வைத்துத் தேடினால் ஒன்றுக்கான மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்துக்கொண்டே இருப்போம். முதலில் அறுபடுவதைப் பார்ப்போம்.

அறுபட்ட இடத்தின் நிமிடத்தையும் நொடியையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அதே கோப்பை மீண்டும் இயக்கிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே நொடியில் அறுபட்டால் குறை கோப்பிலோ அது இருக்கும் டிஸ்கிலோ இருக்கிறது. இடம் மாறிக்கொண்டே இருந்தால் கோப்பின் மேல் பழியில்லை. கணினிக்குள் ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறது. மற்ற எந்தச் சோதனையையும்விட இது மதிப்புள்ளது, செலவும் இல்லை. இதற்குத் தம்புரா மட்டும் ஒலிக்கும் ஒரு பதிவைப் பயன்படுத்துவது நல்லது. இடைவெளியே இல்லாத நாதம் என்பதால் மிகச் சிறிய அறுபடலும் காதுக்குத் தப்பாது. மிருதங்கத் தனியில் அதே அறுபடல் சொல்லோடு சொல்லாகக் கரைந்துவிடும்.

பிராசசர் 10 சதவீதம்தான் ஓடுகிறது என்பதை வைத்துக் கணினி சும்மா இருக்கிறது என்று முடிவு செய்ய வேண்டாம். டாஸ்க் மேனேஜர் காட்டுவது சராசரி. ஒலிக்குத் தேவை சராசரி அல்ல, தவணை தவறாமை. விண்டோஸ் வழக்கமாக ஏறத்தாழ 10 மில்லி நொடிக்கு ஒரு தொகுதியாக ஒலியைச் சவுண்டு சிப்புக்கு அனுப்புகிறது. நொடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலி அலையின் உயரத்தை ஒரு கணத்தில் அளந்த எண்கள்) என்ற கணக்கில், ஒரு தொகுதிக்கு 480 மாதிரிகள். அடுத்த தொகுதி வருவதற்குள் முந்தையது தீர்ந்துவிட்டால் அந்த இடத்தில் ஒலி இல்லை. நீங்கள் கேட்கும் 'டக்' அதுதான். வைஃபை, கிராஃபிக்ஸ் போன்ற சாதனங்களின் டிரைவர்கள் (அவற்றை இயக்கும் மென்பொருள்கள்), டிபிசி எனப்படும் தங்கள் அவசர வேலைகளைச் செய்யும்போது மற்ற மென்பொருள்களை நிறுத்தி வைத்துவிட்டே செய்கின்றன. அத்தகைய ஒரு வேலை 100 மைக்ரோ நொடிக்கு மேல் நீளக் கூடாது என்பது டிரைவர் எழுதுபவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் வகுத்திருக்கும் வரம்பு. மோசமாக எழுதப்பட்ட டிரைவர் அதைப் பல மில்லி நொடிகளுக்கு இழுத்துவிட்டால் பாட்டு அறுபடும். சராசரியில் அது துளியும் தெரியாது.

பஃபரை உயர்த்தியும் பயனில்லாமல் போனதற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்தாலும், கீழே வரும் குழாயை ஒருவர் அடிக்கடி அடைத்துத் திறந்தால் அடுப்படியில் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் வரும். நீங்கள் பெரிதாக்கியது தொட்டியை.

செய்ய வேண்டியது இது. 'லேட்டன்சிமான்' என்ற மென்பொருளை, அதைத் தயாரிக்கும் ரெஸ்பிளெண்டன்ஸ் நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்கி நிறுவுங்கள். வீட்டுப் பயன்பாட்டுக்கு இலவசம். அதை ஓடவிட்டுப் பாட்டையும் இயக்கி, அறுபடல் சில முறை வரும்வரை காத்திருந்து, பிறகு நிறுத்துங்கள். 'டிரைவர்ஸ்' என்ற பக்கத்தில், அதிக நேரம் எடுத்துக்கொண்ட டிரைவர் எது என்று வரிசைப்படுத்திக் காட்டும். அந்தப் பெயரை இங்கே எழுதுங்கள். ஓடவிடும் முன் பவர் ஆப்ஷன்ஸில் 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். பிராசசர் மின்சாரத்தை மிச்சப்படுத்த வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தால் அளவீடு தடுமாறும்.

தஞ்சைவாசி

ஹார்டு டிஸ்க்கையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. வேகம் போதாமல் போக வாய்ப்பே இல்லை. சிடி தரத்து ஒலிக்கு நொடிக்குச் சுமார் 176 கிலோபைட் போதும், ஃபிளாக் அதிலும் குறைவு. ஆரோக்கியமான ஹார்டு டிஸ்க் அதைப் போலப் பல நூறு மடங்கு தரவல்லது. ஆனால் பழுதான செக்டரை (டிஸ்கின் ஒரு சிறு பகுதியை) படிக்க முயலும்போது டிஸ்க் திரும்பத் திரும்ப முயன்று பல நொடிகளைக் கூட விழுங்கும். டிஸ்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் 'கரண்ட் பெண்டிங் செக்டர்' என்ற வரியில் பூஜ்யம் இல்லாமல் வேறு எண் இருந்தால், பாட்டைப் பற்றிய கவலையை ஒத்திவைத்துவிட்டு அன்றே எல்லாவற்றையும் வேறு டிஸ்கில் நகலெடுத்துவிடுங்கள். 'சிஆர்சி எரர்' எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான் காரணம். அதை மாற்றினால் போதும்.

ஒரு கோப்பை எஸ்எஸ்டியில் நகலெடுத்து அங்கிருந்து இயக்கிப் பார்த்தாலும் டிஸ்க் குற்றவாளியா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும்.

தோடிரசிகர்

இருவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடி செய்து பார்த்தேன்.

எஸ்எஸ்டியில் நகலெடுத்து இயக்கியபோதும் அறுபடல் இருந்தது. டிஸ்கில் பெண்டிங் செக்டர், சிஆர்சி எரர் இரண்டுமே பூஜ்யம். தம்புராப் பதிவில் அறுபடும் இடம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. லேட்டன்சிமானில் என்டிஐஎஸ்.சிஸ் என்ற பெயர் முதலிடத்தில் நிற்கிறது. அதன் உச்ச நேரம் சில மில்லி நொடிகள். வீட்டில் யாராவது பெரிய கோப்பை இறக்கும்போது அது இன்னும் ஏறுகிறது.

இதற்கிடையில் இன்னொன்றையும் கவனித்தேன். ஒரே ஒரு பழைய சிடியிலிருந்து எடுத்த இரண்டு பாட்டுகளில் மட்டும், எப்போது இயக்கினாலும் அதே நொடியில் 'டிக்' என்று கேட்கிறது. இது எந்த வகையில் சேர்த்தி?

மின்கலம்

என்டிஐஎஸ் என்பது விண்டோஸின் நெட்வொர்க் அடுக்கு. அது மைக்ரோசாஃப்டின் கோப்பு. பெயர் அதன் தலையில் விழுந்தாலும், உண்மையில் தாமதம் செய்வது அதன் கீழே இயங்கும் வைஃபை டிரைவராகவே பெரும்பாலும் இருக்கும். டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் மேல் வலது சொடுக்கி 'டிசேபிள்' செய்துவிட்டு, தம்புராவை மறுபடியும் இயக்குங்கள். அறுபடல் அடியோடு நின்றால் குற்றவாளி அதுதான். பிறகு கார்டில் இருக்கும் சிப்பைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய டிரைவரை எடுத்து நிறுவுங்கள். விண்டோஸ் அப்டேட் தானாகத் தரும் பதிப்பு சில நேரம் மிகப் பழையதாக இருக்கும். அதற்கும் மசியவில்லை என்றால், ரவுட்டரிலிருந்து ஒரு லேன் வயர் இழுத்துவிட்டு வைஃபையை அணைத்தே வைத்துவிடலாம். என்னைக் கேட்டால், ஒரே இடத்தில் நிற்கும் மேசைக் கணினிக்கு அதுவே நிரந்தரத் தீர்வு.

இன்னும் மிச்சம் இருந்தால் சவுண்டு சிப்பின் டிரைவரை மாற்றிப் பாருங்கள். மதர்போர்டு நிறுவனத்தின் டிரைவருக்குப் பதிலாக, விண்டோஸிலேயே உள்ள 'ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்' என்ற பொது டிரைவரைத் தேர்ந்தெடுக்கலாம். பிடிக்கவில்லை என்றால் பழையதற்கே திரும்பிவிடலாம்.

இப்போது கரகரப்புக்கு வருகிறேன். 16 பிட் ஒலியில் ஒரு மாதிரியின் மதிப்பு 32,767ஐத் தாண்ட முடியாது. ஒலியின் பட்டைகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் ஒரு பட்டையை 6 டெசிபெல் உயர்த்தினால் அந்தப் பகுதியின் அளவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். 20,000 என்று இருந்த உச்சி 40,000 ஆக வேண்டும். ஆக இடமில்லாததால் அதன் தலை தட்டையாக வெட்டப்படுகிறது. அந்த வெட்டுதான் காதில் கிழிசலாக விழுகிறது. தவிலின் அடி மிகக் குறுகிய நேரத்தில் மிக உயரமாக எழுவது, நாகஸ்வரமோ தொடர்ந்து உரத்து ஒலிப்பது. இரண்டும் சேரும் இடத்தில் முதலில் வெட்டுப்படுவதும், குரலிசையில் தப்பித்துவிடுவதும் இயல்பு. ஆகவே மென்பொருளில் ஈக்வலைசர் இருக்கிறதா, விஎல்சியாக இருந்தால் ஒலி அளவு 100க்கு மேல் 125 வரை ஏற்றப்பட்டிருக்கிறதா, சவுண்டு டிரைவரோடு வந்த பலகையில் 'பேஸ் பூஸ்ட்', 'லவுட்னஸ்' போன்றவை இயங்குகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். விண்டோஸின் சவுண்டு அமைப்பில் 'டிசேபிள் ஆல் என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்பதையும் தேர்ந்தெடுங்கள். ஈக்வலைசர் இல்லாமல் முடியாது என்றால், எவ்வளவு உயர்த்துகிறீர்களோ அதே அளவு 'ப்ரீஆம்ப்'பை (ஈக்வலைசரில் உள்ள மொத்த ஒலி அளவை) குறைத்துவிட்டு, குறைந்த ஒலியை ஸ்பீக்கரின் திருகில் ஈடுகட்டுங்கள்.

பழங்கணினி

அறுபடல் விஷயத்தில் விண்டோஸ் எக்ஸ்பி காலத்து நினைவு ஒன்று. இன்னும் அந்தக் கணினியைப் பாட்டுக்கென்று வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன். ஐடிஇ கேபிளில் இணைத்த டிஸ்கிலோ சிடி டிரைவிலோ பிழைகள் சேர்ந்தால், எக்ஸ்பி, பிராசசரைத் தொந்தரவு செய்யாமல் தரவை நேரடியாக நினைவகத்துக்கு அனுப்பும் டிஎம்ஏ முறையிலிருந்து படிப்படியாக இறங்கிக் கடைசியில் பிஐஓ முறைக்குப் போய்விடும். தானாகத் திரும்ப ஏறாது. பிஐஓவில் ஒவ்வொரு எழுத்தையும் பிராசசரே சுமப்பதால், டிஸ்க் ஓடும்போதெல்லாம் பாட்டு இழுபடும். டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஇ சேனலை 'அன்இன்ஸ்டால்' செய்து கணினியை மறுபடி தொடங்கினால் டிஎம்ஏ திரும்பிவிடும். தோடிரசிகரின் கணினிக்கு இது பொருந்தாது.

தஞ்சைவாசி

அதே நொடியில் வரும் 'டிக்' கோப்புக்குள்ளேயே பதிந்துவிட்ட குறை. கணினியில் எதை மாற்றினாலும் போகாது. தரவு சிடியில் ஒவ்வொரு செக்டரிலும் பிழை திருத்தத்துக்கென்று கூடுதல் அடுக்கு ஒன்று உண்டு. ஒலி சிடியில் அது இல்லை. 2,352 பைட்டும் ஒலிக்கே போய்விடுகிறது. அடிப்படைத் திருத்தத்துக்கு மிஞ்சிய கீறல் வந்தால், டிரைவ் அக்கம்பக்கத்து மதிப்புகளை வைத்து ஊகித்து நிரப்பும். அதுவும் முடியாதபோது 'டிக்' விழும். வேகமாக நகலெடுக்கும் மென்பொருள்கள் இதைச் சொல்லாமலே கடந்துவிடுகின்றன. ஃபிளாக் கோப்பைச் சரிபார்க்கும் சோதனையிலும் இது சிக்காது. அந்தச் சோதனை, கோப்பு உருவான பிறகு கெட்டிருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். உருவாகும்போதே 'டிக்' உள்ளே போயிருந்தால் கோப்பு சரியாக இருக்கிறது என்றே சொல்லும்.

மெல்லிய பருத்தித் துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் சிடியைத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் புதிய கீறல் தடத்தின் நீளவாக்கில் விழும். திருத்த முடியாத கீறல் அதுதான். பிறகு 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி' மென்பொருளில் 'செக்யூர்' முறையைத் தேர்ந்தெடுத்து அந்த இரண்டு பாட்டுகளை மட்டும் மறுபடி எடுங்கள். அது ஒவ்வொரு பகுதியையும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை படித்து ஒப்பிடும். முரண்பட்டால் எந்த நொடியில் சந்தேகம் என்றும் எழுதிக் காட்டும். வேறு டிரைவ் கிடைத்தால் அதிலும் முயலுங்கள். ஒரு டிரைவ் கைவிட்ட சிடியை இன்னொன்று சுலபமாகப் படித்துவிடுவது உண்டு.

தோடிரசிகர்

வைஃபையை அணைத்ததும் தம்புரா ஓர் அறுபடலும் இல்லாமல் ஓடுகிறது. புதிய டிரைவரை நிறுவியும் பெரிய கோப்புகள் இறங்கும்போது எப்போதாவது அறுபட்டதால், லேன் வயருக்கே மாறிவிட்டேன். லேட்டன்சிமான் இப்போது பச்சை நிறத்தில் நிற்கிறது. சவுண்டு டிரைவரோடு வந்த பலகையில் 'பேஸ் பூஸ்ட்' இயங்கிக்கொண்டிருந்தது. அதை அணைத்ததும் தவில் தெளிந்துவிட்டது. ஒலி முன்னைவிடச் சற்றுச் சன்னமாகக் கேட்பதால் ஸ்பீக்கரின் திருகைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டேன். மறுபடி எடுத்ததில் ஒரு பாட்டு சரியாகிவிட்டது. மற்றொன்றில் 4 நிமிடம் 12 நொடியில் இன்னும் சந்தேகம் என்கிறது. மைத்துனரின் மடிக்கணினியில் சிடி டிரைவ் இருக்கிறது; ஞாயிற்றுக்கிழமை அதில் போட்டுப் பார்க்கிறேன்.