வயர்கார்டு ஏற்றியதும் வீட்டு சர்வர் வெளியிலிருந்து திறக்கவில்லை

மொட்டைமாடி_சர்வர்:
டெபியன் 12 ஓடும் மினி பிசி, முகவரி 192.168.1.20. ரவுட்டர் 192.168.1.1. அதில் 443, 8096 இரண்டு போர்ட்டையும் இந்தப் பெட்டிக்கு ஃபார்வர்டு செய்திருக்கிறேன். நெக்ஸ்ட்கிளவுடும் (சொந்த கோப்புச் சேமிப்பு) என்ஜின்எக்ஸும் (வெப் சர்வர்) நேரடியாக ஹோஸ்டில், அதாவது பெட்டியிலேயே. ஜெல்லிஃபினும் (வீடியோ சர்வர்) கியூபிட்டாரண்டும் (டாரண்ட் செயலி) டாக்கரில், அதாவது தனித்தனி கன்டெய்னர்களில். டாரண்டுக்காக ஒரு விபிஎன் சந்தா எடுத்து, அவர்கள் கொடுத்த வயர்கார்டு (விபிஎன் டனல்) கான்ஃபிக்கை டபிள்யூஜி-குவிக் என்ற கட்டளையில் அப்படியே ஏற்றினேன். அதிலிருந்து மொபைல் டேட்டாவில் எந்தப் பக்கமும் வருவதில்லை, டைம் அவுட். வீட்டு வைஃபையில் 192.168.1.20 அடித்தால் உடனே வருகிறது. டனலை இறக்கினால் வெளியிலிருந்தும் சரியாகிவிடுகிறது. ஃபயர்வாலை அணைத்தும் பார்த்தாயிற்று. எங்கே அடைக்கிறது?

ஈதர்காரன்:
அடைப்பு எங்கும் இல்லை நண்பரே. பாக்கெட் உள்ளே வருகிறது, பதில்தான் வேறு வாசல் வழியாகப் போய்விடுகிறது.

மொபைலின் சின் பாக்கெட் (இணைப்பைத் தொடங்கும் முதல் பாக்கெட்) ஈத்0 (பெட்டியின் நெட்வொர்க் கார்டு) வழியாக நுழைகிறது. பதிலை அனுப்பக் கர்னல் ரூட் தேடும்போது, அந்தப் பொது ஐபி உங்கள் லேனில் (வீட்டு நெட்வொர்க்கில்) இல்லை, ஆகவே டிஃபால்ட் ரூட். கான்ஃபிக்கில் அலவுட்ஐபிஸ் 0.0.0.0/0 (எல்லா முகவரியும்) என்று இருப்பதால் இப்போது டிஃபால்ட் என்றால் டபிள்யூஜி0, அதாவது டனல். 192.168.1.20 என்ற சோர்ஸோடு டனலுக்குள் போகும் பாக்கெட்டை மறுமுனை கீழே போட்டுவிடும்; அங்கே உங்களுக்கு அனுமதித்திருப்பது அவர்கள் ஒதுக்கிய ஒற்றை டனல் முகவரியை மட்டும்தான். வீட்டுக்குள் வேலை செய்வது ஏனென்றால், டபிள்யூஜி-குவிக் போடும் ‘சப்ரஸ்_ப்ரிஃபிக்ஸ்லெங்த் 0’ ரூல் மெயின் டேபிளின் டிஃபால்ட்டை மட்டும் ஒதுக்கிவிட்டு, லேன் ரூட்டை மதிக்கிறது.

டிசிபிடம்ப்பை (பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) எல்லா இன்டர்ஃபேஸிலும் 443-க்கு வைத்துப் பாருங்கள். சின் ஈத்0-வில் உள்ளே, சின்-அக் (அதற்கான பதில்) டபிள்யூஜி0-வில் வெளியே என்று கண்ணெதிரே தெரியும்.

வைத்தியம், 192.168.1.20-இலிருந்து கிளம்பும் பதிலுக்கு ஈத்0 வழியான தனி ரூட் டேபிள் (எண் 128). மூன்று வரி, கான்ஃபிக்கின் இன்டர்ஃபேஸ் பகுதியில் (கட்டளைகளைத் தமிழில் ஒலித்திருக்கிறேன்):

போஸ்ட்அப் = ஐபி ரூட் ஆட் 192.168.1.0/24 டெவ் ஈத்0 டேபிள் 128
போஸ்ட்அப் = ஐபி ரூட் ஆட் டிஃபால்ட் வயா 192.168.1.1 டெவ் ஈத்0 டேபிள் 128
போஸ்ட்அப் = ஐபி ரூல் ஆட் ஃப்ரம் 192.168.1.20 டேபிள் 128 ப்ரியாரிட்டி 100

இதே மூன்றையும் ‘ஆட்’ இருக்கும் இடத்தில் ‘டெல்’ போட்டு ப்ரீடவுனில் சேர்க்க மறக்காதீர்கள். விட்டால், அடுத்த முறை ஏற்றும்போது ‘ஃபைல் எக்சிஸ்ட்ஸ்’ என்று சொல்லி டனலே ஏறாது. 192.168.1.20 மாறாமலிருக்க ரவுட்டரில் டிஎச்சிபி ரிசர்வேஷனும் வேண்டும்.

சோதிக்க: ‘ஐபி ரூட் கெட் 8.8.8.8 ஃப்ரம் 192.168.1.20’ ஈத்0 காட்டவேண்டும். ‘ஃப்ரம்’ இல்லாமல் கேட்டால் டபிள்யூஜி0.

மொட்டைமாடி_சர்வர்:
அருமை, நெக்ஸ்ட்கிளவுட் வந்துவிட்டது. ஆனால் 8096-இல் ஜெல்லிஃபின் இன்னும் டைம் அவுட்தான். அதே ரூல்தானே இதற்கும்?

ஈதர்காரன்:
இல்லை, டாக்கர் கணக்கு வேறு. கன்டெய்னரிலிருந்து கிளம்பும் பதிலில் ரூட் தேடும் நேரத்தில் சோர்ஸ் 172.17-இல் தொடங்கும் உள்முகவரி. அது 192.168.1.20 ஆக மாறுவது போஸ்ட்ரவுட்டிங்கில், அதாவது ரூட் முடிவான பிறகு. ஆகவே ‘ஃப்ரம்’ ரூல் அதைக் கண்டுகொள்வதில்லை.

சுலப வழி: 8096 ஃபார்வர்டை எடுத்துவிட்டு, ஜெல்லிஃபினையும் என்ஜின்எக்ஸுக்குப் பின்னால் ஒரு சப்டொமைனில் வையுங்கள். வெளியுலகுக்குப் பதில் சொல்வது ஹோஸ்டாகிவிடும், போட்ட ரூலே போதும். எச்டிடிபிஎஸ்ஸும் கூடவே கிடைக்கும்.

என்ஜின்எக்ஸ் வழியாகப் போகமுடியாத கன்டெய்னர் என்றால் கன்மார்க் (இணைப்பின் மேல் கர்னல் வைக்கும் அடையாள எண்) வேண்டும். ஐபிடேபிள்ஸில், மாங்கிள் டேபிளின் ப்ரீரவுட்டிங்கில் (ரூட் தேடுவதற்கு முன்), ஈத்0-வில் வரும் புதிய இணைப்புக்கு கன்மார்க் 1. டாக்கர் பிரிட்ஜிலிருந்து வரும் பாக்கெட்டில், கன்மார்க் 1 இருந்தால் மட்டும் ரீஸ்டோர்-மார்க் (அந்த எண்ணைப் பாக்கெட்டில் பதிப்பது). பிறகு ‘எஃப்டபிள்யூமார்க் 1 டேபிள் 128’ என்று ஒரு ரூல். நெட்டில் கிடைக்கும் பல ஸ்கிரிப்டுகள் அவுட்புட் செயினில் (ஹோஸ்டே அனுப்பும் பாக்கெட்டுகள்) நிபந்தனையில்லாமல் ரீஸ்டோர் செய்கின்றன. அப்படிச் செய்தால் வயர்கார்டு தன் சொந்த பாக்கெட்டுக்குப் போட்ட 51820 என்ற மார்க் அழிந்து, டனல் தனக்குள்ளேயே சுற்றிச் செத்துவிடும். ஆர்பி_ஃபில்டர் (பாக்கெட் வந்த வழியைச் சரிபார்க்கும் கர்னல் அமைப்பு) 1 என்றிருந்தால் இந்த முறையில் பாக்கெட் நுழையும்போதே விழும், 2 ஆக்குங்கள்.

கடைசி_ஹாப்:
மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் டாரண்டுக்கு மட்டும் விபிஎன் வேண்டுமென்றால் மொத்தப் பெட்டியையும் ஏன் டனலுக்குள் தள்ளவேண்டும்? ஹோஸ்டில் டபிள்யூஜி-குவிக்கை இறக்கிவிட்டு க்ளூட்டன் கன்டெய்னர் (விபிஎன் டனலைத் தனக்குள் ஓட்டுவது) போடுங்கள். டாக்கர் கம்போஸ் ஃபைலில் (கன்டெய்னர்களின் அமைப்பு எழுதும் கோப்பு) கியூபிட்டாரண்டுக்கு நெட்வொர்க்_மோட் ‘சர்வீஸ்:க்ளூட்டன்’. இனி அதற்குத் தனி நெட்வொர்க்கே கிடையாது. டனல் விழுந்தால் டாரண்டும் நிற்கும், கில் ஸ்விட்ச் தனியாக வேண்டாம்.

கவனிக்கவேண்டியவை: கியூபிட்டாரண்டின் வெப் பக்கம் 8080-ஐ க்ளூட்டனின் போர்ட்ஸில்தான் எழுதவேண்டும், கியூபிட்டாரண்டில் எழுதினால் கம்போஸே மறுக்கும். க்ளூட்டனை அப்டேட் செய்து புதிதாக உருவாக்கினால் கியூபிட்டாரண்டையும் மறுபடி உருவாக்கவேண்டும். அது பழைய, செத்துப்போன நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டே நிற்கும்.

இன்கமிங் பியர்கள் (வெளியிலிருந்து உங்களை இணைக்கும் டாரண்ட் பயனர்கள்) வேண்டுமென்றால் உங்கள் சேவை போர்ட் ஃபார்வர்டிங் தருகிறதா என்று பாருங்கள். முல்வாட் விபிஎன் 2023-இல் அதை நிறுத்திவிட்டது. புரோட்டான் விபிஎன் நாட்-பிஎம்பி (போர்ட்டைக் கேட்டு வாங்கும் முறை) வழியாகத் தருகிறது, ஆனால் 60 விநாடி லீஸ். புதுப்பித்துக்கொண்டே இருக்கவேண்டும், போர்ட் எண்ணும் மாறலாம்.

டனல் ஹோஸ்டிலேயே இருக்கட்டும் என்றால் டிடிஎன்எஸ் ஸ்கிரிப்டைப் (வீட்டு ஐபி மாறும்போது டொமைனில் புதுப்பிப்பது) பாருங்கள். அது ‘என் ஐபி என்ன’ என்று டனல் வழியாகக் கேட்டு, விபிஎன் சர்வரின் ஐபியை டொமைனில் எழுதிவிடும். ஸ்கிரிப்டின் கர்ல் கட்டளையில் இன்டர்ஃபேஸாக 192.168.1.20-ஐக் கொடுத்தால் ஈதர்காரன் சொன்ன ரூல் வழியாக உண்மையான ஐபி கிடைக்கும்.

புது_பைபர்:
எனக்கு விபிஎன் இல்லாமலேயே வெளியிலிருந்து வருவதில்லை. போர்ட் ஃபார்வர்டு செய்தாயிற்று. இதுவும் ரூட்டிங் பிரச்சினையா?

கடைசி_ஹாப்:
ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் (வெளிப்பக்க) ஐபி பாருங்கள். 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் சிஜிநாட், அதாவது பல வீடுகள் ஒரே பொது ஐபியைப் பகிர்வது. பொது ஐபி உங்களிடம் இல்லை, ஃபார்வர்டு செய்து பயனில்லை. நிறுவனத்திடம் ஸ்டாட்டிக் ஐபி வாங்கலாம். இல்லையேல் ஒரு சின்ன விபிஎஸ் (வாடகை சர்வர்) எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு வயர்கார்டு போடுங்கள், பர்சிஸ்டென்ட்கீப்அலைவ் 25 (25 விநாடிக்கு ஒருமுறை இணைப்பை உயிரோடு வைக்கும் பாக்கெட்). விபிஎஸ்ஸில் 443-ஐ வீட்டின் டனல் முகவரிக்கு டிநாட் செய்யவேண்டும் (திருப்பிவிடவேண்டும்).

கூடவே மாஸ்கரேடும் (சோர்ஸை விபிஎஸ்ஸின் முகவரியாக மாற்றுவது) போட்டால் வீட்டுப் பக்கம் எளிது, ஆனால் லாக்கில் எல்லாரும் ஒரே ஐபியாகத் தெரிவார்கள். ஃபெயில்2பேன் (தவறான முயற்சி செய்யும் ஐபியைத் தடுக்கும் கருவி) ஒருநாள் விபிஎஸ்ஸையே தடை செய்துவிடும். அதைவிட, டிநாட்டுக்குப் பதில் விபிஎஸ்ஸில் எச்ஏப்ராக்ஸியை (இணைப்பை இடையில் நின்று கடத்தும் மென்பொருள்) டிசிபி மோடில், ப்ராக்ஸி புரோட்டோகால் (வந்தவரின் ஐபியைக் கூடவே அனுப்பும் முறை) ஆன் செய்து வைப்பது மேல். என்ஜின்எக்ஸ் அதிலிருந்து உண்மையான ஐபியைப் படித்துக்கொள்ளும், சான்றிதழ் சாவியும் வீட்டைவிட்டு வெளியே போகாது.

கிளவுட்ஃப்ளேர் டனலும் ஓடும். இலவசத் திட்டத்தில் ஒரு அப்லோடுக்கு 100 எம்பி வரம்பு. பிங் போய், பக்கம் மட்டும் பாதியில் தொங்கினால் எம்டியூவைக் (பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, பைட்டில்) குறையுங்கள்: உங்கள் இணைய இணைப்பு பிபிபிஓஇ, எம்டியூ 1492 என்றால் வயர்கார்டுக்கு 1412.