எழுத்து ஒன்று, வேர் இரண்டு: உங்கள் அனுபவம் என்ன?

இரு மொழிகளில் ஒரே எழுத்துகளால் எழுதப்பட்டும், வெவ்வேறு வேரிலிருந்து வந்து வெவ்வேறு பொருள் தரும் சொற்களைக் கண்டதுண்டா என்ற கேள்விக்கு வாசகர்கள் எழுதியவை இவை.

மாட்ரிட்டிலிருந்து:
லிஸ்பன் உணவகம் ஒன்றில், உடன் வந்த ஸ்பானியத் தோழி உணவுப் பட்டியலில் ‘சலாடா டி போல்வோ’ என்ற வரியைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தார். அவருடைய மொழியில் போல்வோ என்பது தூசி, அல்லது பொடி. பால்பவுடர் டின்களின்மேல் ‘லெச்சே என் போல்வோ’ என்றுதான் அச்சிட்டிருக்கும். தூசியில் சாலட் செய்து அதற்கு விலையும் வைத்திருக்கிறார்களே என்று கேலி செய்தவருக்கு முன்னால் வந்ததோ, வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி ஆலிவ் எண்ணெய் ஊற்றிய ஆக்டோபஸ்.

உச்சரிப்பில் சிறு வேறுபாடு உண்டெனினும், எழுதும்போது இரு மொழிகளிலும் ஐந்து எழுத்துகளும் (polvo) அப்படியே ஒத்திருக்கும். போர்த்துகீசியச் சொல், ‘பல காலுடையது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து லத்தீன் ‘பொலிபுஸ்’ வழியாக வந்தது. ஸ்பானியச் சொல்லுக்கு மூலம், பொடியைக் குறிக்கும் லத்தீன் ‘புல்விஸ்’. இதில் எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த செய்திதான்: அதே பொலிபுஸ் ஸ்பானியத்தில் ‘புல்போ’ ஆகி ஆக்டோபஸைக் குறிக்க, தூசியைக் குறித்த லத்தீன் சொல்லோ போர்த்துகீசியத்தில் தேய்ந்து ‘போ’ என்ற ஓரசையாகிவிட்டது. எல்லையின் இருபுறமும் ஒலிகள் வெவ்வேறு விதமாகத் தேய்ந்ததால், அங்குள்ள ஆக்டோபஸும் இங்குள்ள தூசியும் ஒரே வடிவத்தில் வந்து நிற்கின்றன.

மியூனிக்கிலிருந்து:
இந்தப் பேச்சு எழுந்தாலே, ஜெர்மன் மொழியில் ‘கிஃப்ட்’ என்றால் நஞ்சு என்று யாராவது சொல்லிவிடுவார்கள். ஆனால் அது இந்த வகையில் சேராது. ஆங்கிலப் பரிசும் ஜெர்மானிய நஞ்சும் ‘கொடு’ என்னும் ஒரே வேரில் பிறந்தவை. மருந்தின் அளவைக் குறித்த ‘டோசிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கும் ‘கொடுத்தல்’ என்பதே பொருள். அதைப் பின்பற்றியே கிஃப்ட் மருந்துக்கும் பின்னர் நஞ்சுக்கும் பெயராயிற்று. பழைய பொருள், சீதனத்தைக் குறிக்கும் ‘மிட்கிஃப்ட்’ என்ற சொல்லில் எஞ்சியிருக்கிறது. உண்மையிலேயே வேர் வேறான சொல்லைக் காண விரும்புவோர், மரியன்பிளாட்ஸில் நகரமன்றத்தின் அடித்தளத்தில் உள்ள ‘ராட்ஸ்கெல்லர்’ உணவகத்தின் பெயர்ப்பலகையைப் பார்க்கலாம். அங்குள்ள ‘ராட்’ மன்றத்தைக் குறிப்பது. ஆங்கிலத்தில் அதே மூன்றெழுத்து (rat) குறிக்கும் எலிக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை.

ஸ்டாக்ஹோமிலிருந்து:
இங்கே குடியிருப்புத் தெருக்களில் ‘லேகாண்டே பார்ன்’ என்ற பலகை இருக்கும். விளையாடும் குழந்தைகள் என்பது பொருள்; பார்ன் (barn) என்றால் குழந்தை. சுவீடிஷ் ‘பார்ன்’, பிள்ளை பெறுதலைக் குறிக்கும் பழைய வினையிலிருந்து வந்தது. அதே எழுத்துகளைக் கொண்ட ஆங்கிலச் சொல்லோ, பார்லி வைக்கும் வீடு என்ற பழஞ்சொல் குறுகிக் களஞ்சியமாக மாறியது.