கயாக்கும் ஜெட் ஸ்கியும் ஒரே குளத்துல: யார் ஒதுங்கணும்?

தேயிலைமேடு

வணக்கம்ங்க. கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் தங்கும் விடுதி. குளம் 350 மீட்டர் நீளம், அகலமான இடத்துல 120 மீட்டர். நடுவுல நல்ல ஆழம், ஓடை வந்து சேர்ற முனையில முழங்கால் அளவுதான். ஆறு கயாக் (துடுப்பு வலிச்சுப் போற ஒல்லிப் படகு) இருக்கு: நாலு மேல உட்கார்ற வகை, ரெண்டு உள்ள காலை நீட்டி உட்கார்ற வகை. இந்த சீசனுக்கு ரெண்டு ஜெட் ஸ்கி (பைக் மாதிரி உட்கார்ந்து ஓட்டுற மோட்டார் படகு) இறக்கியிருக்காங்க. அன்னையிலிருந்து கரையில பஞ்சாயத்துதான். கயாக்காரங்க அதைக் குளவிங்கறாங்க, ஜெட் ஸ்கிக்காரங்க இவங்களை மிதக்கிற முருங்கைக்காய்ங்கறாங்க.

‘கயாக் கிட்ட வந்தா வேகத்தைக் குறைங்க’ன்னு போர்டு வெச்சோம். மரியாதையா குறைக்கவும் செய்றாங்க. ஆனா குறைச்சா அலை இன்னும் பெருசா வருது! வேணும்னே பண்றாங்கன்னு கயாக்காரங்க சண்டைக்கு வர்றாங்க. குளத்து நடுவுல மிதவைக் கயிறு கட்டி பாதிப் பாதியா பிரிச்சா தீருமா?

இம்பெல்லர்_மணி

முதல்ல அந்த போர்டைக் கழட்டுங்க. தப்பு ஓட்டுறவங்க மேல இல்ல, ‘குறைங்க’ங்கற வார்த்தை மேல.

ஜெட் ஸ்கிக்கு மூணு நிலை. மணிக்கு சுமார் 8 கி.மீ.க்குக் கீழே சும்மா மிதந்து நகரும், அலை சின்னது. 25 கி.மீ. தாண்டினா தண்ணி மேல வழுக்கி ஓடும், அப்பவும் அலை தாழ்வாதான் இருக்கும். இடையில 12-லிருந்து 20 வரைக்கும் மூக்கு வானத்தைப் பார்க்கும், பின்பக்கம் அமுங்கி தண்ணியை உழும். பெரிய அலை வர்றது அங்கதான். அலையோட உயரம் ரெண்டு மடங்கானா அதுல இருக்கிற ஆற்றல் நாலு மடங்கு. உங்க விருந்தாளி 40-லிருந்து மரியாதையா 15-க்கு இறங்கி, கயாக்குக்குப் பக்கத்துல உழுதுட்டுப் போறார். நல்ல மனசுக்காரர் போடுற அலைதான் கவிழ்க்குது.

மலையில இது இன்னும் மோசம். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். கடல்மட்டத்தோட ஒப்பிட்டா காத்தழுத்தம் அஞ்சுல ஒரு பங்கு குறைவு, சூப்பர்சார்ஜர் (காத்தை அமுக்கி உள்ள தள்ளுற கருவி) இல்லாத என்ஜின் பவரும் ஏறக்குறைய அதே அளவு குறையும். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் அளவைச் சரிபண்ணும், இல்லாத காத்தைக் கொண்டுவராது. பின்னாடி இன்னொருத்தர் உட்கார்ந்தா வண்டி மேலெழும்ப முடியாம அந்த உழுற வேகத்துலேயே முக்கிக்கிட்டு நிக்கும். அதனால ஒரு வண்டிக்கு ஒரு ஆள். தண்ணியைப் பின்னாடி தள்ளுற சுழலிதான் இம்பெல்லர்; பிட்ச் (இலையோட சாய்வு) குறைவானதா மாத்தினா சீக்கிரம் எழும்பும். உச்ச வேகம் கொஞ்சம் போகும், 350 மீட்டர் குளத்துல அதை வெச்சு என்ன பண்ணப்போறீங்க?

போர்டுல இப்படி எழுதுங்க: ‘கயாக்குக்கு 60 மீட்டர் முன்னாடியே த்ராட்டிலை (ஆக்சிலரேட்டரை) முழுசா இறக்கி, நடக்கிற வேகத்துக்கு வா. தாண்டி 60 மீட்டர் போன பிறகுதான் முறுக்கு.’

துடுப்பு_வலி

மணி சொன்ன 60 மீட்டரை 120 மீட்டர் அகலக் குளத்துல போட்டுப் பாருங்க. நடுவுல ஒரு கயாக் நின்னா ரெண்டு பக்கமும் கரை வரைக்கும் அதுலேயே போயிடும், ஜெட் ஸ்கி முறுக்கிட்டுத் தாண்ட வழியே இல்ல. கயிறு கட்டிப் பிரிச்சாலும் அதே கதைதான். அலைக்குக் கயிறு தெரியுமா? கரையில கல் பாவியிருந்தா மோதித் திரும்பி வேற வரும், ஒரு அலைக்கு ரெண்டு அலை.

இடத்தைப் பிரிக்காதீங்க, நேரத்தைப் பிரிங்க. காலையில பனி விலகினதுலேர்ந்து 11 மணி வரை கயாக். காத்து இருக்காது, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், கத்துக்கிறவங்களுக்கும் அதுதான் நல்லது. 11:30-க்கு மேல ஜெட் ஸ்கி. எதிர்க்கரை தெரியாத அளவுக்குப் பனி இறங்கினா சாவியை வாங்கி வெச்சிடுங்க.

அப்படியும் அலையில மாட்டினா கயாக்காரர் செய்ய வேண்டியது: ஓடித் தப்பிக்கப் பார்க்கக் கூடாது, முதுகைக் காட்டினா அலை பின்பக்கத்தைத் தூக்கிப் படகைக் குறுக்கே திருப்பிப் போடும். மூக்கை அலைக்கு 30-லிருந்து 45 டிகிரி சாய்வா திருப்பிக்கணும். இடுப்புக்குக் கீழே இறுக்கம் கூடாது, படகு ஆடினா அது ஆடட்டும், தலை மட்டும் நடுவுல நிக்கணும். முக்கியமானது, துடுப்பு தண்ணியிலேயே இருக்கணும். பயந்து துடுப்பைத் தூக்கிட்டு ஓரத்தைப் பிடிக்கிற நொடியிலதான் கவிழறது. மெதுவா வலிச்சுட்டே இருந்தா ஒவ்வொரு வலியும் ஒரு ஊன்றுகோல். திரும்ப நேரமில்லாம அலை பக்கவாட்டுல வந்தா, அலை வர்ற பக்கமே லேசா சாய்ஞ்சு துடுப்போட தட்டையான பின்புறத்தைத் தண்ணி மேல அழுத்தணும். எதிர்ப்பக்கம் சாய்ஞ்சா முடிஞ்சது.

மேல உட்கார்ற வகை கவிழ்ந்தா புரட்டிப் போட்டு, காலை உதைச்சு வயித்தால ஏறிக்கலாம். உள்ள உட்கார்ற வகை கவிழ்ந்தா அண்டா மாதிரி ரொம்பிடும், அதுக்கு மேல இறைச்சு மாளாது. அந்த ரெண்டையும் ஜெட் ஸ்கி நேரத்துல இறக்கவே வேண்டாம். டிசம்பர், ஜனவரி தண்ணியில விழுந்ததும் மூச்சு தூக்கிப்போடும். லைஃப் ஜாக்கெட் எல்லா பக்கிளும் மாட்டியிருக்கணும், சும்மா தோள்ல தொங்கக்கூடாது.

கொடை_மூடுபனி

ரெண்டு பேரும் ஒண்ணை விட்டுட்டீங்க. ஜெட் ஸ்கியில த்ராட்டிலை விட்டா ஸ்டீயரிங்கும் போயிடும். பின்னாடி பீச்சுற தண்ணிதான் வண்டியைத் திருப்புது, பீச்சல் நின்னா ஹேண்டிலை எப்படி ஒடிச்சாலும் நேராத்தான் போகும். பைக் ஓட்டிப் பழகினவங்க கயாக்கைப் பார்த்ததும் ஆக்சிலரேட்டரை விட்டுட்டு ஹேண்டிலை ஒடிப்பாங்க. நேரா கயாக் மேலதான். கரையிலேயே பத்து தடவை சொல்லிக் கொடுக்கணும்: ஒதுங்கணும்னா கொஞ்சம் த்ராட்டில் கொடுத்துத் திருப்பு. சீ-டூ கம்பெனி ஜெட் ஸ்கியில 2009-லிருந்தும் யமஹாவுல அதுக்கப்புறமும் பிரேக் வெச்ச மாடல்கள் வந்திருக்கு, உங்களுடையதுல இருக்கான்னு பாருங்க.

இன்னொண்ணு, பக்கம். நம்ம ரோட்டுல இடப்பக்கம், தண்ணியில வலப்பக்கம். எதிரெதிரே வந்தா ரெண்டு பேரும் வலதுக்கு ஒதுங்கணும், சர்வதேசக் கடல் விதியும் அதுதான். நம்ம ஆளுங்க ஒருத்தர் பழக்கத்துல இடது, ஒருத்தர் விதிப்படி வலதுன்னு போனா முட்டிக்கும். பின்னாலிருந்து தாண்டுறவர்தான் ஒதுங்கிப் போகணும், முன்னாடி போறவர் இல்ல. குளத்தைச் சுத்தும்போது கரை எப்பவும் வலக்கைப் பக்கம் இருக்கணும். அதாவது கோயில் பிரதட்சிணத்துக்கு நேர்மாறா. இப்படிச் சொன்னா யாரும் மறக்க மாட்டாங்க.

கொடைக்கானல் ஏரி மாதிரி கைகள் விரிஞ்ச குளமா இருந்தா மூலைக்குப் பின்னாடி என்ன இருக்குன்னே தெரியாது. உங்க குளத்துல அப்படி மறைவான வளைவு இருந்தா அங்க எப்பவும் நடக்கிற வேகம்தான். கயாக் துடுப்போட அலகுக்கு (தட்டையான நுனிக்கு) ஆரஞ்சு பெயின்ட் அடிங்க. தூரத்துலேர்ந்து படகு தெரியாது, ஏறி இறங்குற அலகு தெரியும். விசிலை நம்பாதீங்க, என்ஜின் மேல உட்கார்ந்திருக்கிறவருக்குக் கேட்காது.

தேயிலைமேடு

ரொம்ப நன்றிங்க. நேரம் பிரிக்கறதுதான் வழின்னு தெரியுது. ஒரு சந்தேகம்: ஓடை முனையில நாணல்ல தாழைக்கோழி கூடு இருக்கு, ஆகாயத்தாமரையும் மிதக்குது. அந்தப் பக்கம் ஜெட் ஸ்கி போகாம இருக்க அங்க மட்டும் கயிறு கட்டலாமா?

இம்பெல்லர்_மணி

கட்டுங்க, ஆனா தொய்வா தொங்குற நைலான் கயிறு வேண்டாம். மிதவைகளை நெருக்கமா கோத்து இறுக்கமா கட்டுங்க. ஒரு மீட்டருக்குக் குறைவான ஆழத்துல முறுக்கினா அடியில இருக்கிற கிராவல், மண், ஆகாயத்தாமரை வேர் எல்லாம் உறிஞ்சும். இம்பெல்லருக்கும் அதைச் சுத்தியிருக்கிற வளையத்துக்கும் நடுவுல மயிரிழைதான் இடைவெளி. ஒரு கூழாங்கல் கீறினா போதும், என்ஜின் கத்தும், வண்டி நகராது.

அடைச்சுக்கிச்சுன்னா: என்ஜினை நிறுத்து, கையில கட்டியிருக்கிற பாதுகாப்புக் கயிறைச் சுவிட்சிலேர்ந்து உருவு, அதுக்கப்புறம்தான் அடியில கை. என்ஜின் ஓடும்போது யாரும் பின்பக்கம் போகக்கூடாது, முடி நீளமா இருந்தா இன்னும் கவனம்.

குளத்து நடுவுல நின்னுட்டா கட்டி இழுக்கணும். இங்கதான் விஷயம். ஜெட் ஸ்கியை வேகமா இழுத்தா தண்ணி கூலிங் குழாய் வழியா ஏறி என்ஜினுக்குள்ள போயிடும். வேகமா இழுக்கணும்னா அந்தக் குழாயைக் கிளாம்ப் போட்டு அடைக்கணும், இல்லன்னா 8 கி.மீ.க்கு மேல கூடாது. கயாக் அந்த வேகத்தை எட்டவே எட்டாது, கிளாம்பே வேண்டாம். ஆறு மீட்டர் கயிறு எடுத்து, ஜெட் ஸ்கி மூக்கு வளையத்துலேர்ந்து கயாக் பின்பக்கக் கைப்பிடிக்குக் கட்டுங்க, இடுப்புல கட்டாதீங்க.

துடுப்பு_வலி

குளவியை முருங்கைக்காய் கரைக்கு இழுத்துட்டு வர்றப்ப விருந்தாளிங்க எல்லாரையும் கரைக்குக் கூப்பிடுங்க. ஃபோட்டோ போடுங்க.