கஞ்சாக் கிரைண்டர் அடித்தட்டில் கீஃப் (பூவில இருந்து உதிருற பிசின் தூள்) சேருதில்லை, சேர்ந்ததும் பச்சையா இருக்கு. எங்கே பிழை?

மோல்வேர்ன்வாசி:

வணக்கம். இருக்கிறது கனடாவில ஒன்டாரியோ, கஞ்சாப் பூ சட்டப்படி கடையில வாங்கினதுதான். பூ அரைக்கிற கைக் கிரைண்டர் நாலு துண்டு (மூடி, பல்லுத் தட்டு, வலை உள்ள நடுத்தட்டு, தூள் விழுற அடித்தட்டு), அலுமினியம், 63 மில்லிமீற்றர். இதுவரை 28 கிராம் அளவில அரைச்சாச்சு. அடித்தட்டில இருக்கிறது ஒரு நகத்தளவு தூள். அதுவும் மணல் நிறமில்லை, மருதாணித் தூள் மாதிரிப் பச்சை.

பிழை வலையிலயோ பூவிலயோ? நடுத்தட்டுக்குள்ள ஒரு காசு போட்டு ஆட்டச் சொல்லிச் சிலர் எழுதியிருக்கினம், அது சரியோ? சேர்ந்ததை நெய்யில போடுறதெண்டால் எவ்வளவு, என்ன சூட்டில? பச்சைத் தூளை நேரே நெய்யில கலக்கலாமோ, இல்லை முதலில வேற ஏதும் செய்யவேணுமோ?

அரிதட்டு:

மா அரிச்ச ஆக்களுக்கு இது விளங்கும். அரிதட்டின் கண் பெரிசெண்டால் தவிடும் கீழே வரும், ஓங்கித் தட்டினாலும் தவிடு வரும். உங்கட தூள் பச்சையாக வாறதுக்கும் காரணம் இந்த ரெண்டில ஒண்டுதான்.

பெண் பூவிலயும் பக்கத்துச் சின்ன இலையிலயும் காளான் மாதிரி, காம்பும் தலையுமாய் நிக்கிற சுரப்பி மயிர்கள் இருக்கு. பிசின் முழுக்க அந்தத் தலைக்குள்ள. தலையின் குறுக்களவு ஏறத்தாழ 50 முதல் 120 மைக்ரான். கிரைண்டர்களில வாற வலை அநேகமாய் 100 முதல் 150 மைக்ரான். தலை விழக்கூடிய கண்ணுக்குள்ளால நொறுங்கின இலைத்தூளும் விழும். கிரைண்டருக்குள்ள ஒரே ஒரு வலைதான் இருக்கிறபடியால் சுத்தமான கீஃப் அதில வராது, ஓரளவு நல்லது வரும். அதை மனசில வைச்சுக்கொண்டு மிச்சத்தைச் செய்யுங்கோ.

முதலாவது குளிர். சூட்டில பிசின் பசை, பல்லிலயும் சுவரிலயும் ஒட்டிக்கொண்டு நிக்கும். குளிரில அது கண்ணாடி மாதிரி, தட்டினால் காம்பிலிருந்து தலை முறிஞ்சு விழும். பூவைக் காத்துப் புகாத போத்தலில போட்டு, கிரைண்டரையும் பக்கத்தில வைச்சு, பிரீசரில 45 நிமிசம். வெளியில எடுத்தவுடன அரைச்சு முடிக்கவேணும். ரொறன்ரோவில ஜனவரி மாதம் வீட்டுக் காத்து வறண்டு கிடக்கும், அப்ப பிரச்சினை இல்லை. ஜூலையில குளிர்ந்த உலோகத்தைத் திறந்தால் ரெண்டு நிமிசத்தில வேர்க்கும். வேர்த்த வலையில தூள் சேறாய்ப் பிடிச்சுவிடும், அதுக்குப் பிறகு எவ்வளவு தட்டினாலும் ஒண்டும் கீழே போகாது.

ரெண்டாவது ஈரம். பொதியோட வாற ஈரப்பொட்டலம் அநேகமாய் 58 அல்லது 62 வீதம் எண்டு போட்டிருக்கும். 62 இல இருந்து நேரே எடுத்த பூ பஞ்சு மாதிரி, பிசினை விடாது. பொட்டலத்தை எடுத்துப்போட்டு ஒரு நாள் விடுங்கோ. அதுக்காக விரலில நசிச்சால் பொடியாகிற அளவுக்குக் காயவிடக்கூடாது. அப்பிடிக் காஞ்சால் இலையும் சேர்ந்து நொறுங்கும், தூள் பச்சையாகிறது அநேகமாய் இந்த இடத்திலதான்.

மூண்டாவது கை. பத்துப் பன்னிரண்டு சுத்து, அதோட நிப்பாட்டுங்கோ. கிரைண்டரைத் தலைகீழாய்ப் பிடிச்சுச் சுத்தினால் பூ துளைக்குள்ளால இறங்காமல் பல்லுக்குள்ளேயே சுழண்டு மாவாகும். கீஃப் வேணுமெண்டால் நிமிர்த்தியே அரையுங்கோ. நடுத்தட்டில விழுந்ததை 30 செக்கன் மெதுவாய்ப் பக்கவாட்டில ஆட்டினால் காணும். முதல் அரை நிமிசத்தில விழுறதுதான் மணல் நிறம். பேந்து விழுறதெல்லாம் இலை.

அளவைப் பற்றியும் சொல்லவேணும். கிரைண்டரால 28 கிராம் பூ அரைச்சு ஒரு கிராம் கீஃப் எதிர்பார்க்கக்கூடாது, அதுக்கு நல்லாக் கீழேதான் நிக்கும். மிச்சப் பிசின் நீங்கள் பாவிக்கிற பூவிலேயே இருக்கு, எங்கேயும் வீணாய்ப் போகேல்லை.

அளவும் தரமும் ரெண்டும் வேணுமெண்டால் கிரைண்டரை விட்டுவிட்டு, சட்டகத்தில இழுத்துக் கட்டின வலை ரெண்டு எடுங்கோ. மேலே 150 மைக்ரான், கீழே 75 மைக்ரான். அமெரிக்க அரிதட்டு இலக்கத்தில 100, 200 எண்டு கேட்டால் அதுதான். குளிர்ந்த பூவைக் கையால பிச்சு 150 வலையில போட்டு, ஒரு மட்டையால வலையை உரசாமல் மெல்ல உருட்டுங்கோ. ஒண்டரை நிமிசத்துக்கு மேல வேண்டாம். விழுந்ததை 75 வலைக்கு மாத்தித் திரும்ப அரியுங்கோ. இந்த முறை வேணுமெண்டது வலைக்கு மேல தங்குறது. கீழே போறது முறிஞ்ச காம்பு, நொருங்கின தலை, தூசி. அதையும் கொட்டவேண்டாம், நெய்க்கு ஆகும்.

பேரைப் பற்றி ஒரு சொல். அரபியில 'கைஃப்' எண்டால் இன்பம், சுகம். மொரோக்கோவின் ரிஃப் மலைப் பக்கம் 'கிஃப்' எண்டால் தூளில்லை, பொடியாய் வெட்டின கஞ்சாவும் புகையிலையும் சேர்ந்த கலவை, 'செப்சி' எண்ட நீளக் குழாயில பிடிக்கிறது. எங்கட கீஃபுக்கு அங்கத்தைய சொந்தம், பாத்திரத்தின் வாயில துணியை இறுக்கிக் கட்டி, மேலே செடியை வைச்சுத் தடியால தட்டி எடுக்கிற தூள். அதை அமத்தினால்தான் ஹஷீஷ். அங்கேயும் முதல் தட்டில விழுறதுக்குத்தான் மதிப்பு.

பிராம்ப்டன்காரன்:

மேலே சொன்னது எல்லாம் சரி. காசு விஷயம் மட்டும் விட்டுப் போச்சு, அதோட அலுமினியம் பத்தியும் சொல்லணும்.

காசு போட்டா தூள் கூடும், அது உண்மை. வலையில அடைச்சுக்கிட்டு இருக்கறதைக் காசோட எடை தட்டி விடுது. ஆனா அதே எடை இலைத் துணுக்கையும் வலையோட கண்ணுல போட்டுத் தேய்ச்சுக் கீழே தள்ளுது. ஏற்கெனவே பச்சையா வருதுன்னு சொல்றவங்க காசைத் தொடவே கூடாது. தவிர, காசோட விளிம்பு மெல்லிய வலையைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துத் தளர்த்தும். ஓரத்துல ஒரு மயிரிழை இடைவெளி விழுந்தாலும் அதுக்கப்புறம் நடுத்தட்டுச் சரக்கு முழுசா கீழே கொட்டும். வலையை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க, ஓரத்துல வெளிச்சம் தெரிஞ்சா தூக்கிப் போட்டுடுங்க.

காசுக்குப் பதிலா, அரைச்சு முடிச்சதும் நடுத்தட்டுச் சரக்கை வெளியே எடுத்துட்டு, கிரைண்டரைப் பத்து நிமிஷம் பிரீசர்ல வெச்சு, வலையோட அடிப்பக்கத்தை மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால தட்டுங்க. அதுவே போதும்.

விலை குறைஞ்ச அலுமினியக் கிரைண்டர்ல திருகு மரை உரசி உலோகப் பொடி விழும். அது கடைசியா போய்ச் சேர்ற இடம் கீஃப் தட்டுதான். காந்தம் வெச்சுக் கண்டுபிடிக்க முடியாது, அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது. மரையை வெள்ளைத் துணியால துடைச்சுப் பாருங்க. சாம்பல் நிறக் கறை ஏறினா அந்தத் தட்டுல இதுவரைக்கும் சேர்ந்ததை உள்ளே எடுத்துக்க வேணாம். துருப்பிடிக்காத எஃகுல வர்ற கிரைண்டர் விலை கூடத்தான், ஆனா கீஃப் சேர்க்கிறதுதான் நோக்கம்னா அதுல பணம் போடறது நியாயம்.

கழுவ 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், 20 நிமிஷம் ஊறல், வெந்நீர்ல அலசல், முழுசா காயணும். அக்ரிலிக் கிரைண்டரை இதுல போட்டா வெடிப்பு விடும். கழுவின ஆல்கஹாலைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கலாம்னு யாராவது சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க. தீப்பிடிக்கும். கனடா கஞ்சாச் சட்டமும் பியூட்டேன் மாதிரி எளிதா தீப்பிடிக்கிற கரைப்பான்களை வீட்டுல இந்த வேலைக்குப் பயன்படுத்த விடாது. வலை, குளிர், பனிக்கட்டித் தண்ணி, சூட்டோட அழுத்தம், இதெல்லாம் கரைப்பான் இல்லாத வழி, அதுக்குத் தடை இல்லை.

தரம் பார்க்கிற வழி: ஊசி முனையளவு தூளைக் கண்ணாடித் தகட்டுல வெச்சு அடியில சூடு காட்டுங்க. குமிழ் விட்டு எண்ணெயா உருகினா அது தலை. கருகிக் கரி தங்கினா அது இலை. உங்களோடது பெரும்பாலும் ரெண்டுக்கும் நடுவுல நிக்கும்.

மோல்வேர்ன்வாசி:

துணியில சாம்பல் நிறம் வருது. அப்ப அதைக் கொட்டிவிட்டுப் புதுசாய்த் தொடங்கிறன், வலையும் ரெண்டு எடுக்கிறன். நெய்க் கேள்விக்கு இன்னும் பதில் வரேல்லை.

நெய்க்கரண்டி:

நேரே கலக்கினால் பெரிசாய் ஒண்டும் நடவாது. தூளில இருக்கிறது டிஎச்சிஏ, அமில வடிவம். சூட்டில கரியமில வாயுவை விட்டால்தான் அது டிஎச்சி, அதாவது போதை தாற பொருள், ஆகும். புகைக்கிற ஆக்களுக்கு நெருப்பே அதைச் செய்யுது. சாப்பிடுறதெண்டால் முதலில நீங்கள் சூடாக்கவேணும்.

சின்னக் கண்ணாடிப் பாத்திரத்தில பேக்கிங் கடதாசி விரிச்சு, தூளை மெல்லிசாய்ப் பரப்பி, மேலே அலுமினியத் தாளால இறுக்கி மூடி, அவன் (oven) அடுப்பில 115 பாகை செல்சியஸ், 40 நிமிசம். அடுப்பின் முகப்பில காட்டுற சூட்டை நம்பவேண்டாம், 10, 15 பாகை கூடிக் குறையும். உள்ளுக்குத் தனியாய் ஒரு வெப்பமானி வையுங்கோ. 150க்குப் போனால் ஆக்கின டிஎச்சியே கெடத் தொடங்கும். வெளியில எடுத்து முழுக்க ஆறின பிறகுதான் தாளைத் திறக்கவேணும். சூட்டோட திறந்தால் வாசமும் ஆவியும் போய்விடும். நிறம் மணலில இருந்து மண்ணிறமாய் மாறியிருக்கும், அது சரியான அடையாளம்.

இனிக் கணக்கு. வீட்டில சேர்த்த கீஃபின் வீரியம் உங்களுக்குத் தெரியாது. 30 வீதமும் இருக்கலாம், 60உம் இருக்கலாம். கணக்குப் போடேக்க எப்பவும் மேல் எண்ணை எடுங்கோ. கால் கிராம், 60 வீதம் எண்டால் 150 மில்லிகிராம் டிஎச்சிஏ. வாயு போன பிறகு நிறை 0.877 மடங்கு, ஏறத்தாழ 131 மில்லிகிராம் டிஎச்சி. அதை 120 மில்லிலீற்றர் நெய்யில கலந்தால் ஒரு மில்லிலீற்றருக்கு 1.1. அரைத் தேக்கரண்டி, அதாவது 2.5 மில்லிலீற்றர், 2.7 மில்லிகிராம். புதுசாய்த் தொடங்கிறவைக்கு ஹெல்த் கனடா சொல்லுற அளவு 2.5 மில்லிகிராம் அல்லது அதுக்கும் குறைய. கடையில விக்கிற உணவுப் பொதி ஒண்டில முழுக்க முழுக்க 10 மில்லிகிராம் டிஎச்சிக்கு மேல இருக்கக்கூடாது எண்டது சட்டம். ஒரு முழுக் கிராம் கீஃபை அதே நெய்யில போட்டால் ஒரு தேக்கரண்டியில 20க்கு மேல வரும், பழக்கமில்லாத ஆளைக் கட்டிலில போட அது காணும். அதனால கால் கிராமுக்கு மேல போடவேண்டாம். தராசு 0.01 கிராம் காட்டுறதாய் இருக்கவேணும், குசினித் தராசு இதுக்கு உதவாது.

கலக்கிற விதம்: கொதிதண்ணிப் பாத்திரத்துக்கு மேல இன்னொரு பாத்திரம் வைச்சு நெய்யை உருக்கி, தூளைப் போட்டு 20 நிமிசம் விடாமல் கிண்டுங்கோ. நெருப்பில நேரே வைக்கவேண்டாம். ஆறி இறுகிற வரைக்கும் இடைக்கிடை கிண்டவேணும், இல்லாட்டில் அடியில கனத்தும் மேலே வெறுமையாயும் போகும். ஒரே போத்தலில முதல் கரண்டி ஒண்டும் செய்யாமல், கடைசிக் கரண்டி ஆளைத் தூக்கி எறியிறது இதாலதான். வெண்ணெயிலும் நெய் நல்லது, தண்ணி இல்லாதபடியால் பூஞ்சணம் பிடிக்காது.

சாப்பிட்டால் அரை மணித்தியாலம் முதல் ரெண்டு மணித்தியாலம் வரைக்கும் ஒண்டும் தெரியாது, உச்சம் நாலு மணித்தியாலத்திலயும் வரலாம், 12 மணித்தியாலம் நீடிக்கும். ஈரலில அது 11-ஹைட்ரொக்சி டிஎச்சியாய் மாறுறபடியால் புகையிலும் கனமாய் இருக்கும். "ஏறேல்லை" எண்டு ஒரு மணித்தியாலத்தில ரெண்டாவது கரண்டி எடுக்கிறதுதான் ஆக்கள் வழக்கமாய் விடுற பிழை. அண்டைக்கு முழுக்கக் காரைத் தொடாதேங்கோ. குடும்பத்தில மனநோய் இருக்கிற ஆக்கள், கர்ப்பமான ஆக்கள் இதை விட்டுவிடுங்கோ.

வீட்டில பிள்ளையள் இருந்தால் நெய்ப் போத்தல் பூட்டின பெட்டிக்குள்ளதான். பிரிட்ஜில மற்ற நெய்யோட வைக்கவே கூடாது, ஆச்சி தோசைக்கு எடுத்திடுவா. பிள்ளை சாப்பிட்டுவிட்டால் காத்திருக்கவேண்டாம், நச்சு மையம் 1-844-764-7669. மூச்சு மந்தமாய் இருந்தாலோ எழுப்ப எழும்பாவிட்டாலோ 911.

மோல்வேர்ன்வாசி:

நன்றி அக்கா. நெய் அளவு விளங்கீட்டுது. மிச்சத் தூளைப் புகைக்கிறதெண்டால் எப்பிடி, எவ்வளவு நாள் வைக்கலாம்? டிசம்பரில ஊருக்கும் போறன், கிரைண்டரை என்ன செய்யிறது?

அரிதட்டு:

குழாயில அடியில போட்டால் துளைக்குள்ளால இறங்கிவிடும், மேலே போட்டால் முதல் நெருப்பிலேயே எரிஞ்சு போகும். கீழே பூ, நடுவில 0.05 கிராம் கீஃப், மேலே திரும்பப் பூ. கடதாசியில சுத்திறதெண்டால் ஒரு கோடாய் வைக்காமல் பூவோட கலந்துவிடுங்கோ, கோடாய் வைச்சால் ஒரு பக்கமாய் எரிஞ்சு ஓடும். ஆவிக் கருவி எண்டால் அதே அடுக்கு, 190 முதல் 205 பாகை. வலைக்கு நேரே மேல தூளை வைச்சால் உருகி அடைக்கும்.

சேமிக்க சின்னக் கண்ணாடிப் போத்தல், இருட்டு, குளிர். பிளாஸ்டிக்கில தூள் நிலைமின்னால சுவரில ஒட்டும். வெளிச்சமும் காத்தும் பட்டால் டிஎச்சி மெல்ல மெல்லப் போதை குறைஞ்ச சிபிஎன் எண்ட பொருளாகிவிடும், தூள் கபில நிறமாகி வாசம் போகும். பிரீசரில வைச்சால் எடுத்தவுடன திறக்காமல் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறவுங்கோ.

வெளியில கொண்டு திரியிற அளவையும் கவனியுங்கோ. 19 வயசோ அதுக்கு மேலயோ ஆன ஆளுக்கு 30 கிராம் உலர்ந்த பூ எண்டது எல்லை. கீஃப் மாதிரித் திண்மச் செறிவெண்டால் கால் கிராமே ஒரு கிராம் பூவுக்குச் சமன், ஆக 7.5 கிராம்.

பிராம்ப்டன்காரன்:

ஊர்ப் பயணம்னா கிரைண்டர் வீட்டுலயே இருக்கட்டும், கழுவினதா இருந்தாலும் சரி. கனடாவை விட்டு வெளியே கஞ்சா கொண்டு போறதும் உள்ளே கொண்டு வர்றதும், எவ்வளவு சின்ன அளவா இருந்தாலும், கனடாச் சட்டத்துலயே குற்றம். இலங்கையிலயும் தடை. சென்னை வழியா போனா இன்னும் சிக்கல். இந்தியாவோட 1985 போதைப்பொருள் சட்டத்துல செடியில இருந்து பிரிச்ச பிசின் எந்த வடிவத்துல இருந்தாலும் சரஸ்னு வகைப்படுத்தியிருக்கு. கஞ்சாவுக்கு 'சிறு அளவு' 1 கிலோ, சரஸுக்கு 100 கிராம்தான். அந்த அளவுக்குள்ள இருந்தாலும் அது குற்றம்தான், தண்டனைதான் குறையும். கிளம்பறதுக்கு முன்னாடி குளிர்காலக் கோட்டோட உள்பாக்கெட், கைப்பையோட பக்கப் பை, மடிக்கணினிப் பை, மூணையும் கவிழ்த்துத் தட்டிப் பாருங்க.

நெய்க்கரண்டி:

கோட்டை டார்ச் வெளிச்சத்திலயும் ஒருக்கால் பாருங்கோ. கீஃப் தையல் மடிப்புக்குள்ள போனால் தட்டி எடுக்கேலாது, ஒட்டு நாடாவை ஒட்டி இழுத்து எடுக்கவேணும்.