பாப்கார்ன் சோளம்: கதிர் பொக்கை, மணியும் பாதிதான் வெடிக்கிறது

கொல்லைக்காரர்:
வேலியோரமாக ஒரே நீள வரிசையில் போட்ட பாப்கார்ன் ரகம். கதிரெல்லாம் பொக்கை. கிடைத்த மணியை உதிர்த்து மொட்டை வெயிலில் காயவைத்தாயிற்று. பொரித்தால் பாதி வெடிக்காமல் சட்டியின் அடியில் கிடக்கிறது, வெடித்ததும் சின்னச் சின்னதாக. இன்னும் காய வேண்டுமா, விதையே மோசமா?

தானியம்:
இன்னும் காயவைக்காதீர்கள், ஏற்கெனவே மிஞ்சிவிட்டது. மணிக்குள் இருக்கும் ஈரம்தான் இதற்கு வெடிமருந்து. சுமார் 180 டிகிரி செல்சியஸில் அது நீராவியாக முட்டி, கெட்டியான தோலைக் கிழிக்கிறது. ஈரம் 13.5 முதல் 14 சதவீதம் இருந்தால் பொரி நன்றாக மலரும். அதைவிட நிறையக் குறைந்தால் ஆவி போதாது. கூடினாலும் வம்புதான்: பொரி சிறுத்து, முனை கூராக, மெல்லும்போது சவசவ என்றிருக்கும்.

வெயிலில் வேகமாகக் காய்ந்தால் தோலில் மயிரிழை விரிசலும் விழும். அதன் வழியே ஆவி கசிந்துவிடும். விரிசல் விட்ட மணியைத் தேற்ற முடியாது. வெறுமனே உலர்ந்ததைத் தேற்றலாம். அரை கிலோ மணியை முக்கால் பங்குதான் நிரம்பும்படி ஒரு ஜாடியில் போட்டு, ஒரு மேசைக்கரண்டி (15 மி.லி.) தண்ணீர் விட்டு இறுக மூடுங்கள். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை குலுக்க வேண்டும். மூன்று நான்கு நாள் கழித்து 20 மணிகளை மட்டும் பொரித்துப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னும் 5 மி.லி.; அரை கிலோவுக்கு அது ஏறக்குறைய ஒரு சதவீத ஈரம். ஒரேயடியாக ஊற்றினால் பூஞ்சை பிடிக்கும்.

வரப்போரம்:
பொக்கைக்குக் காரணம் அந்த ஒற்றை வரிசை. கதிர் நுனியில் தொங்கும் ஒவ்வொரு நூலும் ஒரு மணிக்கு உரியது. மகரந்தம் படாத நூலின் இடம் காலி. மகரந்தம் காற்றில்தான் வருகிறது, நீள வரிசையில் பெரும்பகுதி பக்கவாட்டில் பறந்து வீணாகும். 16 செடிதான் என்றாலும் நாலுக்கு நாலு கட்டமாகப் போடுங்கள். செடிக்குச் செடி 20-25 செ.மீ., வரிசைக்கு வரிசை 60-75 செ.மீ., விதை ஆழம் 3 செ.மீ.

பூக்கும் சமயத்தில் மண் காய்ந்தால் நூல் வெளிவரத் தாமதமாகும், அதற்குள் மகரந்தம் கொட்டி முடிந்துவிடும். அந்த இரண்டு வாரமும் தண்ணீர் தவறக் கூடாது. தழைச்சத்தை முழங்கால் உயரத்தில் ஒருமுறை, ஆண் பூ வருமுன் ஒருமுறை கொடுங்கள். குருத்துக்குள் மரத்தூள் மாதிரி எச்சம் தெரிந்தால் உள்ளே படைப்புழு இருக்கும்; சிறிதாக இருக்கும்போதே பொறுக்கிக் கொன்றுவிடுங்கள்.

பக்கத்தில் ஸ்வீட் கார்ன் உண்டா? பாப்கார்ன் மகரந்தம் பட்டால் அதன் மணி இனிப்பில்லாமல் மாவாகிவிடும். இரண்டும் பூக்கும் நாள் இரண்டு வாரமாவது தள்ளியிருக்கட்டும்.

கொல்லைக்காரர்:
பக்கத்தில் வேறு சோளம் இல்லை. அறுவடைக்கு எது அடையாளம்?

தானியம்:
மடல் காகிதம் போல உலர்ந்து, நகம் அழுத்தினால் மணியில் தடம் பதியாத பக்குவம். ஒரு மணியைப் பெயர்த்து அடிமுனையைக் கிள்ளிப் பாருங்கள். கறுப்புப் படலம் இருந்தால் முற்றிவிட்டது. மடல் உலரும்வரை செடியிலேயே விடலாம். மழை விடாமல் பிடித்தால் மட்டும், படலம் வந்ததுமே ஒடித்துவிடுங்கள்.

மடலை உரித்து, காற்றாடும் நிழலில் வலைப்பையில் தொங்கவிட்டால் இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். வாரம் ஒருமுறை சில மணிகளைப் பொரித்துப் பார்த்து, நன்றாக மலரும் வாரத்தில் உதிர்த்து மூடி வையுங்கள். தடியால் அடிக்காதீர்கள், தோல் கெடும். இரண்டு கையாலும் முறுக்கினால் போதும். கூர்முனை மணி ரகம் என்றால் கையுறை அவசியம்.

மாடித்தோட்டம்:
ஃபிரிட்ஜில் வைத்தால் வண்டு வராதே?

தானியம்:
சரியாக மூடாமல் வைத்தால் ஃபிரிட்ஜ் ஈரத்தை உறிஞ்சிவிடும். வண்டுக்கு, உலர்ந்த மணியைக் காற்றுப் புகாத பையில் கட்டி ஃபிரீசரில் நான்கு நாள் வைத்தால் போதும். எடுத்ததும் பையைத் திறக்காமல், அறை வெப்பத்துக்கு வந்தபின் ஜாடிக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் மணியின்மேல் நீர் கோத்துக்கொள்ளும். விதைக்கு வேண்டியதை முன்பே தனியாக எடுத்து வையுங்கள்.