சிங்கப்பூர்ல ரெண்டு நாள்: கடைவீதி, சைவச் சாப்பாடு, கடையநல்லூர் தெரு

குறுக்குத்துறை:
அண்ணாச்சிமாரே, அம்மாவைக் கூட்டிக்கிட்டு சிங்கப்பூர் போறோம், ரெண்டு நாள்தான். அம்மா சுத்த சைவம். லிட்டில் இந்தியாவோட நின்னுராம மலாய், சீன இடங்களும் பாக்கணும், துணியும் எடுக்கணும். கடையநல்லூர் பேர்ல தெரு இருக்காமே, எங்க? சொந்தக்காரங்களுக்கு அல்வாவும் வீட்டுல திரிச்ச மசாலாவும் கொண்டுபோகலாமா?

சாரல்:
நீல நிற டவுன்டவுன் லைன் ரயில் ஒண்ணே போதும். லிட்டில் இந்தியா, பூகிஸ், தெலுக் ஆயர், சைனாடவுன் நாலும் ஒரே தடம்.

முதல் நாள் காலையில லிட்டில் இந்தியாவுல இருக்கிற தேக்கா அங்காடி. கீழே சந்தை, மாடியில துணிக்கடையும் தையக்காரங்களும். மத்தியானத்துக்கு மேல பூகிஸ்ல இறங்கி அரபு ஸ்திரீட். மெழுகு வச்சுச் சாயமேத்துற பாத்திக் துணி அங்க மீட்டர் கணக்குல கிடைக்கும். சுல்தான் பள்ளிவாசலும் பக்கந்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்துல சுத்திப் பாக்க விடமாட்டாங்க.

ரெண்டாம் நாளை முழுசா தெலுக் ஆயருக்கு ஒதுக்குங்க. கடலைத் தூர்க்கிறதுக்கு முன்னால அந்தத் தெருதான் கடற்கரை. கரை சேர்ந்த சீனர் கடல் தெய்வத்துக்கு நன்றி சொன்ன இடத்துல தியான் ஹாக் கெங் கோயில். அதே தெருவுல நம்ம தமிழ் முஸ்லிம்கள் 1828–30ல கட்டின நாகூர் தர்கா. சிங்கப்பூரை விளங்கிக்கிட இந்த ஒரு தெரு போதும். அங்கேருந்து நடந்தா மேக்ஸ்வெல் உணவங்காடி. அதை ஒட்டினதுதான் கடையநல்லூர் ஸ்திரீட். சின்னத் தெரு, ஆனா பேர்ப்பலகையைப் பாக்கவே போகலாம். 1827ல தொடங்கின மாரியம்மன் கோயிலும் கிட்டத்தான். மத்தியானம் நடை சாத்திருவாங்க, பாத்துக்கிடுங்க.

பொருநைக்கரை:
சாப்பாட்டுல கவனம் வேணும். காய்தானேன்னு கங்கோங் கீரை வாங்கிராதீங்க. பெலாச்சான் போட்டு வதக்குவாங்க. அது இறாலை உப்புப்போட்டுப் புளிக்க வச்ச விழுது. லக்சாங்கிற நூடுல்ஸ் குழம்புல காஞ்ச இறால், நாசி லெமாக்ங்கிற தேங்காய்ப்பால் சோத்துல நெத்திலி. காயா ரொட்டியில தடவுற தேங்காய் ஜாம்ல முட்டை இருக்கு. ‘வெஜிடபிள்’னு மட்டும் கேட்டா இதெல்லாம் தப்பிப்போகும், பெலாச்சான், நெத்திலி, முட்டைன்னு பேர் சொல்லிக் கேளுங்க. அம்மாவுக்குத் தேக்கா பக்கத்துச் சைவ ஓட்டல்தான் நிம்மதி.

காப்பிக்கு ஒரு கணக்கு உண்டு. ‘கோப்பி’ன்னா இனிப்புக் கெட்டிப்பால் சேரும். ‘கோப்பி ஓ’ பாலில்லாக் கடுங்காப்பி, சீனி உண்டு. ‘கோப்பி ஓ கோசோங்’னு சேர்த்துச் சொன்னா சீனியும் கிடையாது.

மேசையில டிஷ்யூ பாக்கெட் கிடந்தா அந்த இடத்துக்கு ஆள் இருக்குன்னு அர்த்தம். சாப்பிட்ட தட்டை நாமதான் கொண்டுபோய் வைக்கணும், சட்டமே இருக்கு. ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு, மாத்தி வச்சிராதீங்க.

மேலரதவீதி:
முக்கியமானது விட்டுப்போச்சு. மசாலாவுல கசகசா சேர்த்துத் திரிச்சிருந்தா எடுத்துட்டுப் போகாதீங்க. அது அபினிச் செடியோட விதைங்கிறதால அங்க தடை. குருமாவுக்குக் கசகசா போடுற வீடுகள்ல இது மறந்துபோகும். சூயிங்கமும் வெத்திலைக்குப் போடுற புகையிலையும் கூடாது. அல்வா தாராளமாப் போகும். ஆனா நெய் கக்கும். டப்பாவுல போட்டு, ரெண்டு பாலிதீன் பையில கட்டி, கைப்பையில வைக்காம பெட்டியில வச்சு ஏத்துங்க.

லிட்டில் இந்தியாவுல இருக்கிற முஸ்தபா கடையில ஒரே நாள்ல 100 வெள்ளிக்கோ (சிங்கப்பூர் டாலர்) அதுக்கு மேலயோ வாங்கினா ஜி.எஸ்.டி.யைத் திருப்பிக் கேக்கலாம். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டணும். பொருளைப் பெட்டியில போட்டு அனுப்புறதா இருந்தா, ஏர்போர்ட்ல பெட்டியை ஒப்படைக்கிறதுக்கு முன்னாலயே ஜி.எஸ்.டி. திருப்பிக் கேக்குறதுக்குன்னு வச்சிருக்கிற மெஷின்ல பதிஞ்சிருங்க. சோதிக்கணும்னு பொருளைக் கேட்டா அப்ப கையில இருக்கணும்.

குறுக்குத்துறை:
கசகசா சேர்த்துத்தான் திரிச்சு வச்சிருக்கு! வேற திரிச்சிருதோம். ரொம்ப நன்றி அண்ணாச்சி.