வீட்டுச் சமையலுக்கு ஒரு ஆப்: ‘இப்போதே ஆர்டர்’ பொத்தான் வேண்டுமா, வேண்டாமா?

நாவலூர்க்காரன்:
சென்னை ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி பக்கம் அடுக்குமாடிகளில் வீட்டிலேயே சமைத்து விற்கும் பெண்கள் ஏராளம். எல்லாம் வாட்ஸ்அப் குழுக்களில்தான் நடக்கிறது. காலையில் மெனு விழும். கீழே “எனக்கு 2”, “குழம்பு மட்டும் 1”, “சாரி, 2 இல்லை 3” என்று வரிசையாக வரும். நடுவில் யாரோ குட்மார்னிங் படம் போடுவார். யார் பணம் அனுப்பினார், யார் அனுப்பவில்லை என்று ஜீபே ஸ்கிரீன்ஷாட்டுகளில் தேட வேண்டும்.

இதற்கு நானும் இரண்டு நண்பர்களும் ஆப் செய்கிறோம். ஆப்பைத் திறந்தால் 4 கிலோமீட்டருக்குள் எந்த வீட்டுச் சமையலறை ‘ஓப்பன்’ என்று வரைபடத்தில் தெரியும். ‘இப்போதே ஆர்டர்’ பொத்தானைத் தட்டினால் 40 நிமிடத்தில் சாப்பாடு. சமைப்பவரின் படம், வீடு இருக்கும் இடம், நட்சத்திர மதிப்பீடு எல்லாம் தெரியும். 20 சதவீதம் கமிஷன். சமையல் வகைக்கு ஒரு ஃபில்டர்: செட்டிநாடு, கொங்கு, ஐயர், முஸ்லிம் பிரியாணி இப்படி. என்ன நினைக்கிறீர்கள்? பாராட்டு வேண்டாம், குறை சொல்லுங்கள்.

கல்சட்டி:
குறைதானே, சொல்கிறேன் தம்பி. நான் வீட்டில் சமைத்து விற்கிறவள். ‘ஓப்பன்’ என்றால் என்ன அர்த்தம்? என் வீடு ஓட்டல் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு விடியற்காலையில் அடுப்பைப் பற்ற வைத்தால் பதினொன்றரைக்குள் பார்சல் கட்டி முடித்துப் பாத்திரத்தைக் கழுவப் போட்டுவிடுவேன். 12.40-க்கு ஒருவர் ‘தட்டினால்’ நான் என்ன, மறுபடியும் பருப்பு வேகவைக்கவா?

எனக்கு முதல் நாள் ராத்திரியே எண்ணிக்கை தெரிய வேண்டும். அதை வைத்துத்தான் காய் வாங்குவேன், அரிசி ஊறப்போடுவேன். ஆகவே உங்கள் ஆப்பைத் திருப்பிப் போடுங்கள். நான் மெனு போடுகிறேன்: நாளை மதியம் வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம், கீரை மசியல், பதினெட்டுப் பேருக்கு. ராத்திரி எட்டு மணிக்கு மூடிவிடும். பதினெட்டு நிறைந்தால் அதற்கு முன்பே மூடிவிடும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. வரைபடம், பொம்மை பைக் ஓடுவது எல்லாம் உங்கள் சந்தோஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ராப்பசி:
அக்கா, உங்கள் பக்கம் புரிகிறது. ஆனால் சாப்பிடுகிறவன் பக்கமும் ஒன்று இருக்கிறது. நான் பிஜி விடுதியில் இருக்கிறேன். ஷிஃப்ட் எப்போது முடியும் என்று எனக்கே தெரியாது. ராத்திரி ஒன்பதரைக்கு வெளியே வந்தால் பரோட்டா, ஃப்ரைட் ரைஸ், பிரியாணி. வாரம் முழுக்க இதேதான். அந்த நேரத்தில் ஒரு ரசம் சாதம் கிடைக்குமா என்று தேடுகிறவனிடம் போய் “நேற்று எட்டு மணிக்கே சொல்லியிருக்க வேண்டும்” என்றால், அது குடும்பஸ்தர்களுக்கான ஆப். எனக்கு இல்லை.

நாவலூர்க்காரன்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். முன்கூட்டித் திட்டமிட்டுச் சாப்பிடுகிறவர் ஏற்கெனவே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார், அவருக்கு ஆப் எதற்கு? முன்பதிவு, சந்தா என்பதெல்லாம் பெரிய நிறுவனங்களே போய்ப் பார்த்த வழிதான். ஸ்விக்கி 2019-ல் வீட்டுச் சமையல்காரர்களையும் டிஃபின் சர்வீஸ்காரர்களையும் சேர்த்து ‘ஸ்விக்கி டெய்லி’ என்று குருகிராமில் தனி ஆப்பே தொடங்கியது. 2020-ல் மூடியாயிற்று. கொரோனா ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் முன்பதிவு என்று வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது அக்கா.

விதிப்புத்தகம்:
பொத்தானை அப்புறம் பார்க்கலாம். உங்கள் கமிஷன் கணக்கை யாராவது போட்டுப் பார்த்தீர்களா?

120 ரூபாய் சாப்பாடு. உங்கள் 20 சதவீதம் 24 ரூபாய். அந்தக் கமிஷனுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, அது இன்னொரு 4 ரூபாய் சொச்சம். ஜிஎஸ்டி பதிவு இல்லாத வீட்டுப் பெண்மணி அதை எங்கும் கழித்துக்கொள்ள முடியாது. கையில் 92 ரூபாய்கூட வராது. இது ஒரு பக்கம். 2022 ஜனவரி 1 முதல், ஆப் வழியாக விற்கும் உணவகச் சேவைக்கு 5 சதவீத வரியை ஆப்பே கட்ட வேண்டும். சமைப்பவரின் விற்பனை ஜிஎஸ்டி வரம்புக்குக் கீழே இருந்தாலும் இது பொருந்தும். அதே சாப்பாட்டை வாட்ஸ்அப்பில் விற்றால் அந்த 6 ரூபாய் கிடையாது. டெலிவரி கட்டணம் தனி. ஆகவே வாட்ஸ்அப்பில் 120-க்குக் கிடைப்பது உங்கள் ஆப்பில் 126-க்கு மேல் போகும், சமைத்தவருக்கு 92-க்குக் கீழே இறங்கும். உங்களிடம் ஏன் வர வேண்டும் என்பதற்கு ‘ஸ்கிரீன்ஷாட் தேட வேண்டாம்’ என்பதைவிடப் பெரிய பதில் வேண்டும்.

அடுத்தது பதிவு. வீட்டில் சமைத்து விற்றாலும் மத்திய உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐ-யில் பதிய வேண்டும். 2011-ல் வந்த விதிகள் ஆண்டுக்கு 12 லட்சம் வரை விற்பவரைச் சிறு வியாபாரி என்று வைத்து, ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணத்தில் எளிய பதிவு போதும் என்றன. நூறு ரூபாய்க் காரியம்தான், ஆனால் எத்தனை பேர் செய்திருக்கிறார்கள்? 2018-ல் பதிவு இல்லாத கடைகளை நீக்கச் சொல்லி உணவு ஆப்களுக்கு உத்தரவு வந்தது ஞாபகம் இருக்கும். பதினான்கு இலக்க எண் இல்லாமல் ஒரு சமையலறையையும் உள்ளே விடாதீர்கள்.

கல்சட்டி:
சார், நீங்கள் சொன்ன நம்பர் என்னிடம் இருக்கிறது. ஆனால் கேஸ் விஷயத்தையும் சொல்லிவிடுங்களேன், பாதியில் நிறுத்திவிட்டீர்கள்.

விதிப்புத்தகம்:
சொல்ல வேண்டாம் என்று பார்த்தேன். 14.2 கிலோ வீட்டு சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு 19 கிலோ வணிக சிலிண்டர். மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டு சமையல் கேஸ் ஆணை அப்படித்தான் சொல்கிறது. வீட்டில் சமைத்து விற்பவர்களில் பாதிப் பேராவது இதைப் பற்றி யோசித்தே இருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

கல்சட்டி:
இப்போது புரிகிறதா தம்பி, வரைபடத்தில் வீட்டைக் காட்டாதே என்று நான் ஏன் சொல்லப் போகிறேன் என்று? கேஸ் ஒன்று. அசோசியேஷன் இன்னொன்று. “குடியிருப்பில் வியாபாரம் கூடாது” என்று ஒரு தீர்மானம் போட்டால் முடிந்தது கதை. எல்லாவற்றுக்கும் மேலே வீட்டு ஓனர். சைவம் மட்டும் சமைப்போம் என்று சொல்லி வாடகைக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை ஜன்னலைச் சாத்திக்கொண்டு மீன் குழம்பு வைக்கிற குடும்பம் இந்த ஊரில் எத்தனை! அவர்களில் ஒருத்தி உன் ஆப்பில் வஞ்சிர வறுவல் போட்டால் அவள் வீட்டின் மேல் குண்டூசி குத்திக் காட்டுவாய், ஓனரும் பார்ப்பார். தனியாக இருக்கிற பெண்களும் சமைக்கிறார்கள். முகம், பெயர், ஃபிளாட் எண் எல்லாம் ஊருக்குத் தெரிய வேண்டுமா? பார்சலை எடுக்க வருகிற பையனுக்கு பிளாக் வாசல் தெரிந்தால் போதும்.

நாவலூர்க்காரன்:
ஆனால் சாப்பிடுகிறவர் எதை நம்பி வாங்குவார் அக்கா? யார், எங்கே, எப்படிப்பட்ட சமையலறை என்று தெரியாமல் வாங்கச் சொல்வது நியாயமா? முகவரியை மறைத்தால் கெட்ட சமையலறைக்கும் அதே மறைவுதான் கிடைக்கும்.

தயிர்சாதம்:
நான் உணவு நுண்ணுயிரியல் படித்தவள். நம்பிக்கைக்குக் குண்டூசியும் தேவையில்லை, நட்சத்திரமும் தேவையில்லை. எனக்கு இரண்டு கட்டங்கள் வேண்டும்: எப்போது சமைத்தது, எதற்குள் சாப்பிட வேண்டும். வேகவைத்த சோற்றில் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா இருக்கும். அதன் வித்துகள் கொதியிலும் சாகாது. வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் வைத்தால் பெருகி நச்சை உண்டாக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நச்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. 60 டிகிரிக்கு மேலே சூடாக வை, இல்லையென்றால் 5 டிகிரிக்குக் கீழே குளிரவை. நடுவில் வைக்காதே.

இப்போது ராப்பசி கேட்ட ஒன்பதரை மணி ரசம் சாதத்தை யோசியுங்கள். மதியம் வடித்த சோறாக இருந்தால் நான் தொட மாட்டேன். புளியோதரை என்றால் யோசிக்கலாம். புளியும் எண்ணெயும் சேர்ந்து அதற்குக் கொஞ்சம் தாங்கும் சக்தி தருகின்றன, கட்டுச்சோறாக அது போனது சும்மா இல்லை. ஆகவே எந்தப் பண்டம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை ஆப் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தேங்காய்ச் சட்னிக்கும் வத்தக்குழம்புக்கும் ஒரே டெலிவரி விதி வைக்கும் ஆப்பை நான் நம்ப மாட்டேன்.

இன்னொன்று, தண்ணீர். ஓஎம்ஆரில் பல குடியிருப்புகளில் குழாயில் வருவது டேங்கர் தண்ணீர். சமைப்பது எந்தத் தண்ணீரில், கேனா, ஆர்ஓவா, பரிசோதனை செய்தார்களா என்று எந்த உணவு ஆப்பிலும் நான் பார்த்ததில்லை.

ராப்பசி:
என் ரசம் சாதத்துக்கு இரங்கல் கூட்டமே நடத்திவிட்டீர்கள். சரி, புளியோதரை கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஒன்பதரைக்கு.

விதிப்புத்தகம்:
நேரம் பற்றிய பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். கலிஃபோர்னியாவில் ஓக்லண்டை மையமாக வைத்து ஜோசஃபின் என்று இதே மாதிரி ஒரு நிறுவனம் இருந்தது. வீட்டில் சமைப்பவர்களுக்கு அதிகாரிகளின் தடை நோட்டீஸ் வந்தது, 2018-ல் நிறுவனம் மூடப்பட்டது. வேடிக்கை என்னவென்றால் அதே 2018-ல்தான் வீட்டுச் சமையலறையை அனுமதிக்கும் சட்டமும் அங்கே கையெழுத்தானது. அந்தச் சட்டம் முதலில் வைத்த எல்லை: நாளுக்கு 30 சாப்பாடு, வாரத்துக்கு 60. சமைத்த அன்றே கொடுத்துவிட வேண்டும். பொதுவாக மூன்றாம் ஆள் டெலிவரி கூடாது. வாரக் கணக்கைப் பிற்பாடு 90 ஆக்கினார்கள். அங்கே சட்டமே எண்ணிக்கையைக் கட்டிப்போட்டது. கல்சட்டி அம்மா கேட்கும் ‘பதினெட்டுப் பேர்’ எல்லையும் கிட்டத்தட்ட அதுதான். ‘இப்போதே’ பொத்தானில் அந்த எல்லை எங்கே இருக்கிறது?

நாவலூர்க்காரன்:
அமெரிக்கச் சட்டம் நமக்கு எதற்கு சார். எல்லை வைத்தால் சமைப்பவர் வருமானத்துக்கும் எல்லை வைத்த மாதிரிதான். நாற்பது பேருக்குச் சமைக்க முடிந்தவரை ஏன் தடுக்க வேண்டும்? எண்ணிக்கையை அவரவர் போட்டுக்கொள்ளட்டும், அந்தக் கட்டத்தைச் சேர்க்கிறேன். ‘இப்போதே’ பொத்தானை எடுக்க மாட்டேன். மீதி இருப்பதை விற்க அது வேண்டும்.

மயிலை மிளகு:
யாருமே அந்த ஃபில்டரைத் தொடவில்லையே? செட்டிநாடு, கொங்கு ஊர்ப் பெயர்கள் என்று சமாளிக்கலாம். ‘ஐயர்’ எந்த ஊர்? இன்று சமையல் வகை என்பீர்கள், நாளை “யார் கையால் சமைத்தது” என்று தேடுகிறவனுக்கு அது வசதியாக இருக்கும். மோர்க்குழம்பு என்று போடுங்கள், அரிசிம்பருப்புச் சாதம் என்று போடுங்கள். யார் வேண்டுமானாலும் சமைக்கட்டும்.

நாவலூர்க்காரன்:
மக்கள் அப்படித்தான் தேடுகிறார்கள் நண்பரே. வாட்ஸ்அப் குழுவின் பெயர்களையே பாருங்கள். நான் உருவாக்கியது இல்லை.

மயிலை மிளகு:
குழுவுக்குப் பெயர் வைத்தது அவர்கள். பொத்தான் வைக்கப்போவது நீங்கள்.

கல்சட்டி:
அந்தச் சண்டையில் நான் மிளகு பக்கம். என் கூட்டுக்காரி வைக்கும் காரக்குழம்புக்கு அவள் சாதியை எழுதினால் பாதிப் பேர் வாங்க மாட்டார்கள், எழுதாததால் இன்று எல்லோரும் கேட்டு வாங்குகிறார்கள்.

தம்பி, மீதி விற்கும் பொத்தான் இருக்கட்டும், ஆனால் அதைத் திறப்பதும் மூடுவதும் என் கையில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன். ராத்திரி எட்டுக்குப் பதிவு மூடிவிட்டது. காலை பத்து மணிக்கு ஒருவர் “மீட்டிங், வேண்டாம்” என்று ரத்து செய்கிறார். பணம் யாருக்கு?

நாவலூர்க்காரன்:
பாதி அவருக்குத் திரும்பப் போகும், பாதி உங்களுக்கு வரும் என்று வைத்திருக்கிறோம்.

கல்சட்டி:
குழம்பு முழுசாகத்தானே வைத்துவிட்டேன்.

ராப்பசி:
அந்த ரத்தான பார்சலை எனக்கு விடுங்கள் அக்கா, அன்றைக்கு மதிய ஷிஃப்ட் இருந்தால்.